எண்ணெய் படாத கை

"ஏன் பவுனு, உன் வீட்டுக்காரரு நம்ம தண்ணிக் குழாயைச் சுத்திச் சுத்தி வர்றாரே, ஏதாவது வேண்டுதலா?"

பக்கத்து அறை ஜோசபின் இப்படிக் கேட்டபோது பவுனின் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியும் இருந்தன. பதில் சொல்ல மூச்சில்லாமல் குடத்தைக் கீழே இறக்கினாள்.

கோர்படி ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீட்டுச் சாளில் பத்து அறைகள், பத்துக் குடும்பங்கள், ஒரே குழாய். மார்பளவு உயரத்துக்கு நின்ற அந்த இரும்புக் குழாயைத்தான் கலியன் சுற்றிக்கொண்டிருந்தான். வலது கையில் பென்சில், இடது கையில் துடைப்பக்குச்சி. பென்சில் முனை குழாயைத் தொடக் கூடாது. ஒரு நெல் அளவு தள்ளியே ஊர்ந்து வர வேண்டும். துடைப்பக்குச்சியை விரல்களாலேயே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ள வேண்டும். அவன் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். குடத்தோடு வரிசையில் நின்ற மராட்டிக்காரப் பெண் ஒருத்தி எதற்கும் இருக்கட்டும் என்று கைகூப்பினாள்.

"வேண்டுதல் இல்லக்கா. டெஸ்ட்டு."

"குழாய்க்கா டெஸ்ட்டு?"

"அவருக்கு."

கலியன், பட்டாளத்துக்குத் தொட்டியும் குழாயும் செய்கிற ஒரு கம்பெனியில் வெல்டர். இரும்பை ஒட்டுவதில் கெட்டிக்காரன். இப்போது ஆர்கான் வாயுவை வைத்து ஒட்டுகிற புது மெஷின் வந்திருந்தது; பென்சில் அதன் முனைக்குப் பதில், துடைப்பக்குச்சி ஒட்டுக் கம்பிக்குப் பதில். அந்த மெஷினில் தடித்த குழாய், மெல்லிய குழாய், அலுமினியக் குழாய் மூன்றையும் ஒட்டிக் காட்டுகிறவர்களுக்கு நிரந்தர வேலை. மார்ச் மாதத்துக்குள் காட்டாதவர்களுக்குச் சீட்டுக் கிழியும். கிழிந்தால் திருப்பத்தூரில் கலியனுடைய அண்ணன் வீட்டு மூலைதான். கல்யாணமான புதிதில் பவுன் அந்த மூலையில் இரண்டு வருஷம் இருந்து பார்த்தவள். இன்னொரு முறை இருக்க அவளிடம் தெம்பு இல்லை.

முதல் டெஸ்ட் பீஸை ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கலியன் வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தான். ஒட்டிய இடம் கரியாக இருந்தது. நடுவில் ஒரு பட்டாணி போகிற ஓட்டை.

"இரும்புன்னா செவந்து காட்டும், பவுனு. இதோ உருகப்போறேன்னு சொல்லும். இந்த அலுமினியம் சொல்லாது கொள்ளாது. வெள்ளையாவே நிக்கும். திடீர்னு பொத்துன்னு விழுந்துடும்."

"சொல்லாம கொள்ளாம செய்யற எதையும் நம்பக் கூடாதுங்க," என்றாள் பவுன்.

"கை வேற நடுங்குது. காலையில பத்துக் கொடம் தண்ணி தூக்கிட்டுப் போனா நடுங்காம இன்னா பண்ணும்?"

மறுநாளிலிருந்து தண்ணீரைப் பவுன் தூக்கினாள். பத்துக் குடமும். கோதுமை மாவு மில்லுக்குப் போவதும், ராக்கேல் என்கிற மண்ணெண்ணெய் வாங்க டின்னோடு வரிசையில் நிற்பதும் அவள் வேலையாயின. கலியனின் கை கட்டிலில் ஓய்வெடுத்தது.

இரண்டாவது பீஸ் கார்த்திகையில் வந்தது. முதல் பீஸைவிட மோசம்.

"மெஷினோட டங்ஸ்டன் முனை உருகின குழம்புல போய் முட்டிக்கிச்சு. கண்ணு கூசினா முட்டத்தான் செய்யும்."

"சூடுங்க. உடம்புச் சூடு கண்ணுல ஏறியிருக்கு."

புதன், சனி இரண்டு நாளும் எண்ணெய்க் குளியல் என்று பவுன் முடிவு செய்தாள். நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்து, கழுத்து, தோள், முழங்கை என்று தேய்த்து, வெந்நீர் ஊற்றினாள். அந்த வெந்நீருக்கு இன்னும் நாலு குடம் தண்ணீர் ஆயிற்று. மளிகைக் கடைக்காரன், "இவ்வளவு எண்ணெயை என்ன செய்கிறாய், அம்மா? கோயில் கட்டுகிறாயா?" என்று மராட்டியில் கேட்டான். அவளுக்குச் சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

மூன்றாவது பீஸில் ஊசி குத்தினாற்போல நூறு ஓட்டை.

"இது எண்ணெய்ப் பசை," என்றான் கலியன். "அலுமினியத்துக்கு எண்ணெயே ஆகாது. விரல் ரேகை அளவு இருந்தாலும் புஸ்ஸுபுஸ்ஸுன்னு பொங்கி ஓட்டை ஓட்டையாயிடும்."

பவுன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அவளே அல்லவா தேய்த்துத் தேய்த்து அனுப்பியிருக்கிறாள்?

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"குளியல் நல்லாத்தான் இருந்துது," என்றான் கலியன்.

அன்றிலிருந்து அவனுடைய காக்கிச் சட்டையைத் தினமும் சோடாக்காரம் போட்டு வெளுத்தாள். தலையணை உறை, துண்டு, போர்வை எல்லாம் வெளுத்தன. பவுனின் கைத்தோல் உரிந்தது. குழம்பில் தாளிப்பதை நிறுத்தினாள். இரண்டாம் நாள் கலியன் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"வாயில பட்டா ஒண்ணும் ஆகாது, பவுனு. கையில பட்டாத்தான் ஆகாது."

அதற்கு என்ன செய்வது என்று பவுன் யோசித்தாள். வேறு வழி தெரியவில்லை. மறுவேளையிலிருந்து அவளே ஊட்டிவிட்டாள். கலியன் கழுவிய கைகள் இரண்டையும் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு, வாயை மட்டும் திறந்தான்.

ஜோசபின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"நிலாவைக் காட்டி ஊட்டு பவுனு, இன்னும் ரெண்டு வாய் கூட எறங்கும்."

"நீங்க வேற அக்கா. பிழைப்புப் போயிடுமேன்னு நான் தவிக்கிறேன்."

"பிழைப்பு இருக்கட்டும். காலையில தண்ணி வர்ற நேரத்துல அவரு குழாயைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. சாளுல இருக்கிறவங்க கமிட்டி போட்டுப் பேசப்போறாங்களாம்."

இதற்கும் பவுன்தான் வழி கண்டுபிடித்தாள். காயலான் கடைக்காரனிடம் பழைய இரும்புக் குழாய் ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து, அறையின் குறுக்கே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். சாள் குழாய்க்கு விடுதலை கிடைத்தது. பவுனின் நெற்றிக்குக் கிடைக்கவில்லை. அடுப்புக்குப் போகும்போது ஒரு இடி, திரும்பி வரும்போது ஒரு இடி. புடைத்த நெற்றியில் பொட்டு வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. அந்தக் குழாயில் கலியன் இரண்டு நாள் பழகினான். மூன்றாம் நாள் துண்டைக் காயப்போட்டான்.

தை மாதத்தில் நாலாவது பீஸ் வந்தது. அதன்பிறகு ஐந்தாவது. மெல்லிய குழாய், கிழிந்த காகிதம் மாதிரி.

"இன்னிக்கும் ஃபெயிலா?"

"ஃபெயில்தான். மூச்சு சீரா இல்ல. மனசு அமைதியா இல்லாட்டி மூச்சு சீரா வராது."

அதனால் வீட்டில் பேச்சும் நின்றது. பவுன் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவப் பழகினாள். இருமல் வந்தால் வெளியே போய் இருமினாள். முதுகு வலித்தது, அதையும் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கலியனுக்கு முட்டை, ஈரல், எலும்பு சூப்பு. காக்கிச் சட்டையின் நடுப் பொத்தான் ஒருநாள் தானாகவே தெறித்து அடுப்பங்கரைவரை உருண்டது. கவலையில் சிலருக்கு உடம்பு ஊதும் என்று பவுன் நினைத்துக்கொண்டாள்.

"அந்த டெஸ்ட் எடுக்கிற மனுசன் யாருங்க? கொஞ்சமும் ஈவு இரக்கம் இல்லாதவனா?"

கலியன் தலையை நிமிர்த்தினான்.

"அப்படிச் சொல்லாதே. ரொம்ப நேர்மையானவரு. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விடமாட்டாரு. அவரு மேல தப்பு சொல்லவே முடியாது."

"நல்லா இருப்பானா அவன்?"

"நல்லாத்தான் இருக்காரு," என்றான் கலியன். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு ஈரல்ல மொளகு தூக்கலா போடு," என்றான்.

மார்ச் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பவுன் கறிக்குழம்பைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கலியன் கைகளைத் தூக்கிப் பிடித்திருந்தான். வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. ஒல்லியான ஒரு மனிதன், கையில் கொய்யாப்பழப் பையோடு எட்டிப் பார்த்தான். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"வணக்கம் அண்ணி. நான் சேவியர். அண்ணனோட ஷெட்டுலதான் வேலை பண்றேன். விஷ்ராந்த்வாடியிலேருந்து வர்றேன்."

கலியனின் வாய் பாதி மெல்லலில் நின்றது.

"வாங்க தம்பி, தலை இடிச்சுக்காதீங்க," என்றாள் பவுன். சேவியர் இடித்துக்கொண்டான். அவன் நெற்றியைத் தடவியபடி, தூக்கிய கைகளோடு கட்டிலில் இருந்த கலியனைப் பார்த்தான். பிறகு மரியாதையாகச் சுவரைப் பார்த்தான்.

"நீங்களும் டெஸ்ட்டுல மாட்டிக்கிட்டவரா?" என்றாள் பவுன்.

"ஆமாம் அண்ணி. எனக்கு ரெண்டு குழந்தைங்க. இந்த மாசத்தோட சீட்டு. தடிக் குழாய் நல்லா வந்துடுச்சு. மெல்லிசும் அலுமினியமும்தான் காலை வாருது."

"இவருக்கும் அதேதான் தம்பி! டங்ஸ்டன் முட்டுது, எண்ணெய்ப் பசை, மூச்சு சீரா இல்ல... அஞ்சு பீஸ் போச்சு. நான் படாத பாடு இல்ல. எந்த மகராசன் டெஸ்ட் எடுக்கிறானோ, அவன் வீட்டுல பொம்பளை இருந்தா அவ காலுல போய் விழுந்தாவது கேக்கணும்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

சேவியர் கொய்யாப்பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். கலியனைப் பார்த்தான், பவுனைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் பையை அவள் காலடியில் வைத்தான்.

"அதுக்குத்தான் நானும் வந்தேன் அண்ணி. அண்ணன் தீபாவளிக்கு முன்னாடியே பாஸாகி, அன்னியிலேருந்து எங்களுக்கு டெஸ்ட் எடுக்கிறதே அவருதானே? என் பீஸை எல்லாம் ஃபெயில்னு சொல்லி வீட்டுக்கு வேற தூக்கிட்டு வந்துடறாரு, நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

பவுனின் கையில் அடுத்த உருண்டை அப்படியே நின்றது. கலியன் தூக்கிய கைகளை மெதுவாக இறக்கினான், கட்டிலை விட்டு எழுந்தான், குழாய்க்கடியில் குனிந்தான், வாயில் இருந்த சோற்றை விழுங்காமலேயே வெளியே போனான்.