அய்யனாருக்கு அளவெடுத்த சேணம்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
ஏவிளம்பி வருஷம், கார்த்திகை மாதம்

சைகோனில் தீர்க்காயுசாக இருக்கும் என் மகன் கோவிந்தராசுக்கும் மருமகள் சாந்திக்கும் தாயார் தையல்நாயகி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் மகன் இராமதாஸ் இன்றுவரை சுகம். தை மாதம் கல்யாணத்தன்றும் முழுசாக இருப்பானா என்பதுதான் என் கவலை. அஞ்சாவது வரைக்கும் படித்தவள் என்பதால் இதை எழுத இன்னொருத்தரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் விஷயம் இதற்குள் வில்லியனூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்களுக்கு லீவு கிடைக்காததால் நிச்சயதார்த்தத்தை நான் ஒருத்தியாக நின்று நடத்தினேன் அல்லவா, அன்றைக்கு வில்லியனூர்ச் சம்பந்தி வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்குத் தங்கள் உறவுக்காரர் கார் தருகிறார், கார் தருகிறார் என்று காபி ஆறும்வரை பெருமையடித்தார்கள். எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பது? "எங்க வம்சத்துல மாப்பிள்ளைன்னா குதிரைமேலதான். எங்க மாமனார் துரையோட குதிரையோட கடக்கரை பூரா போனவரு" என்று சொல்லிவிட்டேன். உன் தாத்தா குதிரையோடு போனது சத்தியம். மேலேயா, பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெண்ணின் தாயார் அஞ்சலாட்சி கார்ப் பேச்சை விட்டுவிட்டுத் தாம்பூலத்தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அன்றைக்கு இனித்தது.

ஜட்காக்காரன் சாமிக்கண்ணு தன் மட்டக்குதிரை லட்சுமியைத் தருவதாகச் சொன்னான். வண்டி இழுக்கிற குதிரைக்குச் சேணம் ஏது? கோணியை மடித்துப் போட்டு ஏறச் சொன்னான். உன் பிள்ளை ஏறினான், அப்புறம் பல நாள் நின்றுகொண்டே சாப்பிட்டான். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய சேணம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம், அது தோசை மாதிரி தட்டையாக இருந்தது. "இதுல புடிச்சிக்க ஒண்ணுமே இல்லியே ஆயா" என்றான். அதனால்தான் அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் உட்காரும் சேணம் சைகோனில் கிடைக்கிறது என்று நீ எழுதியதும் சரி என்றேன். நீயும் பொறுப்பாக, குதிரையின் முதுகு அளவை அனுப்பு, அளவு தப்பினால் குதிரைக்கும் புண், ஏறுகிறவனுக்கும் புண் என்று எழுதினாய். இவனும் கயிற்றை எடுத்துக்கொண்டு லட்சுமியிடம் போனான். அது தோளைக் கடித்தது. திரும்பி வரவேண்டியதுதானே? நேரே மூலக்குளத்துக்கு அப்பால் ஏரிக்கரை அய்யனார் கோயிலுக்குப் போய், அங்கே நிற்கிற மண் குதிரையை அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருக்கிறான்! அந்தக் கயிறுதான் உனக்குக் கப்பலேறியது. சேணம் வந்து இறங்கின பிறகுதான் என்னிடம் சொல்கிறான். "எல்லாம் குதிரைதானே ஆயா, இது கடிக்காத குதிரை" என்கிறான்.

சேணத்தைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. ஏறுகிறவனுக்குச் சொர்க்கம். நெல்மூட்டைமேல் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பின்னால் சாய்மானம், முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு, கால் வைக்க அகலமாக அங்கவடி. "ஈசிசேர் தோத்துது ஆயா" என்று அதிலேயே தூங்கியும் போனான். குதிரைக்குத்தான் நரகம். லட்சுமிமேல் வைத்தால் காதும் வாலும்தான் வெளியே தெரிந்தன. சாமிக்கண்ணு சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து முகம் கறுத்தான். "விலாவுல பரவி குந்தணும் ஆயா, நடு எலும்புல படவே கூடாது. இது அகலம் ஜாஸ்தி, எலும்புமேலயே குந்திக்கினு இருக்குது. எம்பொண்ணு முதுவு புண்ணாப் பூடும்" என்றான். கம்பளிகளை மடித்து அடியில் கொடுத்து, வயிற்றுவாரை இழுத்துக் கட்டினான். லட்சுமி யாரென்று நினைத்தாய்? வார் இறுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொண்டாள். வில்லியனூர் ரோட்டில் கொஞ்சதூரம் போனதும் மூச்சை விட்டாள் பார், சேணம் மெதுவாகச் சரிய ஆரம்பித்தது, உன் பிள்ளையும் அதோடு சரிந்தான். விழுந்திருந்தாலாவது எழுந்திருப்பான். விழாமல் கொம்பைக் கட்டிக்கொண்டு, பந்தலில் பூசணிக்காய் மாதிரி, குதிரை வயிற்றுக்குக் கீழே தொங்கினான். அவள் நின்று நிதானமாகப் புல் மேய்ந்தாள். மில் விட்டு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "தள்ளி நில்லுங்கய்யா, குதிரை குட்டி போடுது!" என்றான் ஒருத்தன். "குட்டிக்கு மீசை இருக்குது பாரு" என்றான் இன்னொருத்தன்.

அதோடு போயிற்றா? இவன் அளந்ததைப் பார்த்திருந்த அய்யனார் கோயில் பூசாரி வந்து வாசலில் நின்றார். "யாருக்கு அளவெடுக்கிறமோ அவருக்குத்தானே சட்டை? சாமிக்கு அளவெடுத்தீங்க, அவரும் காத்துக்கினு இருந்தாரு. நீங்க கொண்டாந்து ஜட்கா குதிரைக்குப் போட்டுட்டீங்க. இன்னைக்கு வெறுமனே கவுத்தாரு. கல்யாணத்தன்னிக்கு..." என்று சொல்லி, முடிக்காமல் விபூதி கொடுத்துவிட்டுப் போனார். முடித்திருந்தால்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது. அதிலிருந்து தேங்காய் விழுந்தால் அவர் குதிரையின் குளம்படி, நாய் குரைத்தால் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். கூடத்தில் இருக்கிற சேணத்தின் கொம்பு நான் போகிற பக்கமெல்லாம் பார்க்கிறது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தாண்டிப் போகிறேன்.

ஆகையால் மகனே, பேரன் கழுத்து, ஆயாவின் வாய்ச்சொல், இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். கழுத்தே மிஞ்சட்டும். ஆனால் குதிரை வேண்டாம் என்று நான் சொன்னால் அஞ்சலாட்சி ஆயுசுக்கும் சிரிப்பாள். பெற்றவன் நீ, உனக்கே தோன்றினது போல, 'குதிரை கூடாது, காரில் போகவும்' என்று ஒரு தந்தி அடி. நான் அதைத் தெரு கேட்க வாசித்து, "பெத்தவன் சொல்லிட்டான், நான் என்னா செய்ய" என்று கொஞ்சம் அழுதுகொள்கிறேன். தந்தியில் என் பேர் வரக்கூடாது. சேணத்தை அய்யனாருக்கே கொடுத்துவிடவும் உத்தரவு கொடு. அளவு அவருடையது, பொருளும் அவருக்கே போகட்டும்.

நீயும் சாந்தியும் ஏறின வண்டி கவிழாமல், இறங்கின கால் இடறாமல் அந்த ஏரிக்கரையான் காக்கட்டும். நம்மேல் அவருக்குக் கோபம் ஆறியிருந்தால்.

இப்படிக்கு,
உன் தாயார்
தையல்நாயகி

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப் போகிறேன், வாசலில் அஞ்சலாட்சி! சேணத்தை யார் கண்ணிலும் படாமல் புடவையைப் போட்டு மூடிவிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "பெரியம்மா, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்து குதிரைன்னா ஒதறல். மாப்பிள்ளை குதிரையில வந்தா கொல்லைப்பக்கமா ஓடிப்புடுவேன்னு அழுவுறா. நீங்கதான் பெரிய மனசு பண்ணி கார்ல அனுப்பணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே சரி என்று சொல்ல நான் என்ன ஏமாளியா? "வம்ச வழக்கமாச்சேம்மா" என்று கண்ணைத் துடைத்தேன். இன்னும் கொஞ்சம் கெஞ்ச விட்டேன். அப்புறம்தான் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தேன். உன் உத்தரவுக்குக் காத்திராமல் சேணத்தையும் அய்யனார் குதிரைமேல் ஏற்றிவிட்டோம். அளந்து செய்தது அல்லவா, இம்மி பிசகாமல் உட்கார்ந்துகொண்டது. பூசாரியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட மனசு வரவில்லை, கை வலிக்க எழுதினது. நீ அந்தத் தந்தியை மட்டும் அடிக்காதே. அதற்குப் பதிலாக, 'குதிரை இல்லாமல் என் மகன் எப்படிப் போகலாம்' என்று சம்பந்திக்குக் கோபமாக ஒரு தந்தி அடி. ரொம்பக் கோபமாக வேண்டாமப்பா, பயந்துபோய்க் குதிரைக்கே ஒப்புக்கொண்டுவிடப் போகிறார்கள்.