ஸ்டைனாருக்கு வந்த தலைசுற்றல்

டிசம்பர் பிறந்த முதல் திங்கட்கிழமை, அவித்த உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே ஸ்டைனார் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தான். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மனைவியை வீட்டில் உட்கார வைத்தே தீருவது.

அவன் முடிவெடுத்தபோது மனைவி வீட்டில் இல்லை. அதனால்தான் எடுக்க முடிந்தது.

ஸ்டைனார் என்ற பெயரிலேயே 'ஆர்' என்று ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டி அந்த வீட்டில் அவனுக்கு வேறு மரியாதை மிச்சமில்லை. நார்வேயின் வட கோடியில் கடலோரச் சிற்றூர். நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பும். அதுவரைக்கும் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளுக்கும், அவ்வளவுதான். ஸ்டைனாருக்கு ஒரு படகுக் கம்பெனியில் வேலை. புயலில் படகு நின்றுபோனால் பயணிகள் தொலைபேசியில் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதுதான் அவன் உத்தியோகம். படகு ஓடாத நாளில்தான் அவனுக்கு வேலை ஓடும். சமையலறை மேஜையிலேயே ஆபீஸ். காலையிலிருந்து ஊரே அவனிடம் பேசும். சாயங்காலமானால் பேச ஆள் இருக்காது.

மனைவி யோருன் ஊர் சுகாதார நிலையத்தில் பிசியோதெரபிஸ்ட். வேலை முடிந்து வருவாள், சாப்பிடுவாள், போய்விடுவாள். திங்கள் பள்ளிக்கூடத்தில் நெசவு வகுப்பு. செவ்வாய் முதியவர்களுக்கு அவளே நடத்தும் உடற்பயிற்சி. புதன் பாட்டுக் குழு. வியாழன் கடல் முழுக்கு. ஆமாம், அந்தக் குளிரில், துறைமுகப் படியில் இறங்கி, பெண்கள் கூட்டமாகக் கடலில் முங்கி எழுவார்கள். நம் மொழியில் குளிருக்குள்ளேயே குளி இருக்கிறது என்பதை யோருனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பாள். வெள்ளியன்று அந்த நாடே டாக்கோ சாப்பிடும். அவளும் சாப்பிடுவாள். சாப்பிட்ட கையோடு சோபாவில் தூங்கிவிடுவாள். ஸ்டைனார் அவள் காலடியில் உட்கார்ந்து ஒலியைக் குறைத்துத் தொலைக்காட்சி பார்ப்பான்.

பெர்கனில் படிக்கும் மகள் எப்போதாவது கூப்பிடுவாள். அவன் எடுத்தால், "அப்பாவா? அம்மா இல்லையா? சரி, அப்புறம் கூப்பிடறேன்" என்பாள்.

மனைவியை வீட்டில் நிறுத்த ஒரே வழி நோய். ஆனால் பிசியோதெரபிஸ்டைக் கட்டிக்கொண்டவனுக்கு நோய் கூட லேசில் வாய்க்காது. முதுகுவலி என்றால் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பொய் என்று சொல்லிவிடுவாள். முழங்கால் என்றால் மடக்கிப் பார்ப்பாள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். யோசித்து யோசித்துக் கடைசியில் தலைசுற்றலைத் தேர்ந்தெடுத்தான். சுற்றுவது அவன் தலை. சுற்றுகிறதா இல்லையா என்று வெளியிலிருந்து யார் எட்டிப் பார்க்க முடியும்?

புதன்கிழமை அவள் கம்பளிக் கோட்டில் ஒரு கையை நுழைத்த நேரம் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"யோருன், கொஞ்சம் இரு. தலை சுத்துது."

"எந்தப் பக்கமா?"

"எந்தப் பக்கமான்னா?"

"இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா?"

இதை அவன் தயார் செய்திருக்கவில்லை. "மொதல்ல இப்படி... அப்புறம் அப்படி."

"போனது திரும்பி வந்துடுச்சுன்னா மொத்தத்துல சுத்தவே இல்லையே."

"நான் விழப் போறேன், நீ கணக்குப் போட்டுட்டிருக்கே!"

யோருன் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணால் தொடரச் சொன்னாள். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டினாள். "இன்னைக்குப் பாட்டுக்குப் போகல."

ஸ்டைனாருக்கு உண்மையிலேயே தலை லேசாகச் சுற்றியது. இவ்வளவு சுலபமா?

"காபி கூடாது" என்றாள்.

"சரி."

"கார் ஓட்டக் கூடாது."

"சரி."

"நிலவறைக்குப் போகவே கூடாது. அந்தப் படி செங்குத்து. உருண்டா மிச்சம் கிடைக்காது."

இதற்கு மட்டும் சரி என்று வரவில்லை. நிலவறை அவன் ராஜ்ஜியம். குளிர்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்துதான் அவன் பொய்ப்பூச்சி கட்டுவான். சின்னத் தூண்டில் முள்ளில் கோழி இறகையும் மான் முடியையும் வைத்து, பட்டு நூலைச் சுற்றிச் சுற்றி, நிஜப் பூச்சி மாதிரியே செய்வது. கோடையில் ஆற்றில் போட்டால் சால்மன் மீன் ஏமாந்து கடிக்க வேண்டும். இதுவரை ஏமாந்தது ஒரே ஒரு மீன். அதுவும் வயசான மீன்.

"எவ்வளவு நாளைக்கு?"

"சுத்தறது நிக்கற வரைக்கும்."

"அதுவரைக்கும் நீ என்கூட இருப்பே இல்ல?"

"வீட்டை விட்டு நகரமாட்டேன். செவ்வாய் வகுப்புக்கு மட்டும் போவேன். அதுக்கு நீயும் வர்றே."

"நானா? அது பாட்டிங்க வகுப்பாச்சே!"

"அது கீழ விழாம இருக்கறதுக்கான வகுப்பு. தலை யாருக்குச் சுத்துது, எனக்கா?"

செவ்வாய்க்கிழமை ஸ்டைனார் ஊர்க்கூடத்தில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான். சுற்றிலும் வெள்ளை முடிப் பாட்டிகள் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். அவன்தான் ஆடினான். நடிக்கவில்லை, நிஜமாகவே ஆடினான். சமையலறை நாற்காலியிலும் நிலவறை நாற்காலியிலுமாகத் தேய்ந்துபோன இடுப்பு அது.

பக்கத்தில் நின்ற போர்கில்ட் என்ற பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு என்ன வயசு?"

"ஐம்பத்து நாலு."

"அடப் பாவமே. என் மகன் வயசு."

"நீங்க நல்லா நிக்கறீங்களே. இன்னும் ஏன் வர்றீங்க?"

போர்கில்ட் காலை மாற்றிக்கொண்டாள். "நிக்கறதுக்கா வர்றேன்? வீட்டுக்காரர் போனதுலேருந்து என்னை யாரும் தொட்டதில்லப்பா. பல் டாக்டர் தொடுவார், அதுக்குக் காசு வாங்கிப்பார். உன் பொண்டாட்டி இங்க ஒவ்வொருத்தர் கையையும் ஒரு தடவையாவது பிடிப்பா. சாயறேன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்ச நேரம் பிடிப்பா. அதான் அப்பப்ப சாயறது."

அவள் சொன்னபடியே சாய்ந்தாள். யோருன் ஓடி வந்து பிடித்தாள், எதையோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஸ்டைனார் வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அடுத்து அவன் பக்கம் வந்து, உள்ளங்கையை அவன் உள்ளங்கைக்கு அடியில் வைத்தாள். கடலில் முங்குகிறவளின் கை ஐஸாக இருக்கும் என்று நினைத்திருந்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

"தூரத்துல ஒரு புள்ளியப் பாரு. என்னைப் பார்க்காத" என்றாள்.

அவன் அவளைத்தான் பார்த்தான். அதனால் விழுந்தான்.

வியாழக்கிழமை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் கட்டில் அளவுக்குப் பெரிய மரச் சட்டங்களை இறக்கிக் கூடத்து வழியாக எடுத்துப் போனார்கள்.

"என்ன இது?"

"தறி. உன்கூட வீட்ல இருக்கணும்னா நான் வகுப்புக்குப் போக முடியாதே. அதான் தறியையே வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். ஒருத்தி வீடு மாத்தறா, சும்மாவே குடுத்துட்டா."

"எங்க போடப் போறே?"

"கீழதான். இப்ப அங்க யாரு இருக்கா?"

"என் பூச்சியெல்லாம்?"

"பெட்டியில போட்டு மூடி வெச்சிருக்கேன். பறந்து போகாது, பயப்படாத."

அன்று தொடங்கிச் சாயங்காலங்கள் இப்படி ஆயின. யோருன் வேலையிலிருந்து வருவாள். சாப்பாடு. ஒரு கரண்டி மீன் எண்ணெயை அவன் வாயில் ஊற்றுவாள். "உக்காந்திரு, ஆடாத" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவாள். கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து தடக், தடக் என்று சத்தம் வரும். அவன் கேட்டது கிடைத்துவிட்டது. மனைவி வீட்டில் இருக்கிறாள். எந்நேரமும் இருக்கிறாள். அவன் செருப்புக்கு நேர் கீழே இருக்கிறாள்.

முன்பெல்லாம் அவள் வெளியே இருந்தாள் என்பதால் தனியாக இருந்தான். அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது அவள் வீட்டில் இருக்கும்போதே தனியாக இருந்தான். ஜன்னலில் காகித நட்சத்திர விளக்கு எரியும். வெளியே பனி விழுந்துகொண்டே இருக்கும். எதிர்வீட்டு ஜன்னலிலும் அதே மாதிரி ஒரு நட்சத்திரம், அதற்குப் பின்னால் அதே மாதிரி ஓர் ஆள். சில சமயம் ஸ்டைனார் காலால் தரையைத் தட்டிப் பார்ப்பான். தறி ஒரு நொடி நிற்கும். மறுபடி தடக், தடக்.

மகள் கூப்பிட்டாள். "அம்மா இருக்காங்களா?"

"இருக்கா. கீழ இருக்கா."

"குடுங்களேன்."

"நான் படி இறங்கக் கூடாது."

"சரிப்பா, அப்புறம் கூப்பிடறேன்."

அடுத்த திங்கட்கிழமை அவனால் தாங்க முடியவில்லை. நிலவறைக் கதவைத் திறந்து, மேல் படியில் நின்றான். கீழே மஞ்சள் வெளிச்சம். யோருனின் முதுகு மட்டும் தெரிந்தது.

"யோருன்."

"ம்."

"என்ன பண்றே?"

"ம்."

"நான் பேசறது கேக்குதா?"

"ம்... ம்."

"என்ன 'ம்'? ஒரு மனுஷன் வாய் திறந்து கேக்கறான், ம்முன்னா என்ன அர்த்தம்?"

தறி நின்றது. அவள் திரும்பவில்லை.

"அதான் எனக்கும் தெரியல. மூணு குளிர்காலமா இப்ப நீ நிக்கற இடத்துல நின்னு காபி வேணுமான்னு கேட்டேன், நீ ம்முன்னே. பனி நின்னுடுச்சு, நடக்கப் போலாமான்னு கேட்டேன், ம்முன்னே. பொண்ணு வீட்டை விட்டுப் போன அன்னைக்கு அழுதுட்டே வந்து நின்னேன் ஸ்டைனார். அதுக்கும் ம்முன்னே. கையில ஏதோ இறகு வெச்சிருந்தே. அதுக்கப்புறம்தான் பாட்டுக் குழுவுல சேர்ந்தேன். அங்கயும் ம்முன்னுதான் சொல்வாங்க. ஆனா சுருதியோட சொல்வாங்க."

ஸ்டைனாருக்கு அந்த இறகு நினைவிருந்தது. சாம்பல் நிறக் காட்டுக்கோழி இறகு. அவள் வந்து நின்றது நினைவில் இல்லை. அதுதான் அவனை வாட்டியது. அந்தப் பூச்சி கூடச் சரியாக வரவில்லை.

"எனக்குத் தலையே சுத்தல" என்றான், படியைப் பார்த்து.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாளே. தலை சுத்தறவன் கண்ணு விரலுக்குப் பின்னாடி தடுமாறிட்டுப் போகும். உன் கண்ணு நான் கோட்டைக் கழட்டறேனான்னு பார்த்துட்டிருந்துது."

"தெரிஞ்சுமா அந்த மீன் எண்ணெய்?"

"மீன் எண்ணெய் எல்லாருக்கும் நல்லது."

"தெரிஞ்சுமா பாட்டிங்க நடுவுல ஒத்தக் கால்ல நிக்க வெச்சே?"

"அது உனக்கு நிஜமாவே வேணும். இன்னும் ரெண்டு வருஷம் போனா போர்கில்ட் உன்னைத் தூக்கிட்டுப் போவா." அவள் இப்போது திரும்பினாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. "வீட்ல இருடின்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்திருப்பேனே. அதுக்கு ஒரு வியாதி வேணுமா?"

"சொன்னா நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு இருந்திருப்பேன். சரி, தலைதான் சுத்தலையே, எதுக்கு அங்க நிக்கறே? எறங்கி வா."

அவன் இறங்கினான். தன் பழைய நாற்காலி ஒரு மூலையில் அப்படியே இருந்தது. யோருன் அதைத் தறிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஒரு நீலக் கம்பளி நூல் சிட்டத்தை எடுத்துக் கொடுத்து, உருண்டையாகச் சுற்றச் சொன்னாள். தூண்டில் முள்ளில் பட்டு நூல் சுற்றிய விரல்களுக்கு இது ஒரு வேலையா? அழகாக உருண்டது. அவள் நெய்தாள். அவன் சுற்றினான். பெர்கன் மகளைப் பற்றிப் பேசினார்கள். படகுப் பயணிகள் திட்டும் திட்டுகளை அவன் குரல் மாற்றிச் சொல்லிக் காட்ட, அவள் ஊர்க்கூடத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். சூரியன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று இருந்தது ஸ்டைனாருக்கு. இனி எல்லாத் திங்களும் இப்படியே, இரண்டே பேர்.

வாசல் மணி அடித்தது.

மேலே கதவு திறந்தது. பனி பூட்ஸுகளைத் தட்டும் சத்தம். ஒரு ஜோடி இல்லை. நிறைய ஜோடி.

"யாரு?"

"நெசவு வகுப்பு. பள்ளிக்கூடத்துல தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிடுச்சாம், நெசவு அறையைக் கோடை வரைக்கும் திறக்க மாட்டாங்க. இங்க வாங்கன்னு மத்தியானமே சொல்லிட்டேன்."

"மத்தியானமா? எனக்குத் தலை சுத்திட்டிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நேத்தே ரெண்டு தடவ பாதிப் படி வரைக்கும் இறங்கி ஏறினியே, தறி நின்னப்போ கேட்டுது. இன்னைக்கு நீ உண்மையைச் சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும்."

அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராகச் செங்குத்துப் படியில் இறங்கி வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பை, ஒவ்வொரு பையிலும் சிக்கலும் சிடுக்குமாகக் கம்பளி நூல். யோருன் எழுந்து நின்று, கணவனின் தோளில் கையை வைத்து, வந்தவர்களுக்கு அறிமுகம் செய்தாள்:

"வாங்க, வாங்க. இவர்தான் என் வீட்டுக்காரர். இத்தனை நாளா என் காதுல பூ சுத்தினார். இன்னையிலேருந்து நம்ம எல்லாருக்கும் நூல் சுத்துவார்."