முதல் வரியைப் படிக்காதவர்

கறுப்புத் திரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். கணினி மக்கர் செய்தால் நம்மைப் போல அதன் தலையில் தட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. படங்களும் பொத்தான்களும் அவருக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு. விரல்களைச் சொடுக்குவார், கறுப்பாக ஒரு பெட்டியைத் திறப்பார், ஒரே ஒரு கட்டளையைத் தட்டுவார். உடனே கணினி தன் பெயர், வயது, நினைவகம், கடைசியாகக் கண்விழித்த நேரம் என்று பூர்வோத்தரம் முழுவதையும் வெள்ளை எழுத்தில் கொட்டிவிடும்.

"பாத்தீங்களா, மவுஸையே தொடலை!" என்பார். நாம் வியக்க வேண்டும். வியக்காவிட்டால் இன்னொரு முறை தட்டுவார்.

எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்திலும் ஒருவர் இருக்கிறார். அன்று வரவேற்பு மேசைக் கணினி, அறிக்கையைத் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு அம்மா. மகனின் அறிக்கையைப் பார்த்தால்தான் மருத்துவர் மருந்தை மாற்றுவார். அவர் ஐந்துக்குக் கிளம்பிவிடுவார். மணி நாலரை.

நம்மவர் தன் மடிக்கணினியைத் திறந்து, அதிலிருந்தபடியே அந்தக் கணினிக்குள் நுழைந்தார். நுழைந்ததாகச் சொன்னார்.

"மெமரி பாதிக்கு மேல காலி. காலைலதான் ஆன் ஆகியிருக்கு. மெஷின் கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் சார் சுத்துது?" என்றாள் வரவேற்புப் பெண்.

"சுத்தாதும்மா."

"என் கண்ணு முன்னாடி சுத்துதே!"

"தம்பி, பையனுக்கு மருந்து..."

"இருங்கம்மா. சிஸ்டமே சொல்லுது, ஒண்ணுமில்லைன்னு."

தரை துடைக்க வந்த நான் அப்போதுதான் பார்த்தேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டத்தான் எனக்கு வரும். எண் நன்றாகத் தெரியும். கறுப்புத் திரையின் முதல் வரியில் இருந்த கணினியின் பெயர் இரண்டில் முடிந்தது. மேசைக் கணினியில் ஒட்டியிருந்த சீட்டிலோ ஏழு.

"அண்ணா... அங்க ரெண்டு. இங்க ஏழு போட்டிருக்குங்க."

அவர் குனிந்து சீட்டைப் பார்த்தார். இத்தனை நேரம் அவர் நாடி பிடித்தது மாடியில், காலையில் போட்டு மாலையில் அணைப்பதோடு சரி, வேறு யாருமே தொடாத முதலாளி கணினிக்கு! ஏழாம் எண் கணினியைப் பார்த்தால், அது நாற்பத்தொரு நாளாகக் கண்ணே மூடவில்லை. அணைத்துப் போட்டார்கள். நாலு ஐம்பதுக்கு அறிக்கை வந்தது. அந்த அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

"முதல் வரியெல்லாம் யாரு படிப்பா?" என்றார் கறுப்புத் திரைக்காரர்.

சிரிக்காதீர்கள். வீட்டில் ஒருத்தி தலை வலிக்கிறது என்றால், "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்கிறவர் யார்? கொஞ்சம் முதல் வரியைப் பாருங்கள். அதில் இருப்பது யார் பெயர்?