ஐந்நூறுக்குள் ஒரு வீடு

"நாகு, டேப்பும் கையுமா ஒருத்தன் ஏ விங்ல நுழையறான்!"

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து சங்கரன் கத்திய கத்தலில், பம்பாயின் செம்பூருக்கும் சிறுத்தை வந்துவிட்டதோ என்று நாகலக்ஷ்மி அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள்.

"நுழைஞ்சா நுழையட்டுமே. நமக்கென்ன?"

"நமக்கென்னவா? ஐந்நூறு சதுர அடிக்குள்ள இருந்தாத்தானே நமக்கு ப்ராப்பர்டி டாக்ஸ் கிடையாது? பால்கனியைச் சேத்துண்டவாளைப் பிடிக்க முனிசிபாலிட்டிக்காரன் கிளம்பிட்டான். நாளன்னிக்கு நம்ம பி விங்காம். வாட்ச்மேன் சொன்னான்."

சங்கரன் வீடு காகிதத்தில் நானூற்று எண்பது அடி. மகன் நகுலுக்குக் கல்யாணம் ஆனபோது பால்கனியை அடைத்து, ஜன்னல் வைத்து, கட்டில் போட்டு, அதற்கு 'பெட்ரூம்' என்று பெயரும் வைத்தார். அந்த அறையில் ஒருவர் புரண்டு படுக்க வேண்டுமானால் மற்றவர் எழுந்து நிற்க வேண்டும். நகுலும் ஸ்மிதாவும் முறை வைத்துப் புரண்டுகொண்டிருந்தார்கள். அதையும் சேர்த்து அளந்தால் ஐந்நூறைத் தாண்டும். தாண்டினால் வரி.

"எதுக்கு அளக்கறான்னு செக்ரட்டரி ஜெயராம்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கோளேன்."

"காட்டிக் கொடுத்ததே அவனா இருக்கும். அவன் வாசல்ல நான் போய் நிக்கறதா?"

பார்க்கிங் இடத்துக்காக ஜெயராமோடு சண்டை போட்டு, சொசைட்டி மீட்டிங்கையும் வாட்ஸப் குழுவையும் ஒரே நாளில் துறந்தவர் சங்கரன். அவரிடம் கார் கிடையாது. இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஜெயராம் வீட்டாரோடு நாகலக்ஷ்மியும் பேசக்கூடாதென்பது அந்தக் கொள்கையின் இரண்டாம் பாகம். நகுல் குழுவில் இருந்தான். 'குட் மார்னிங்' ரோஜாப்பூ தாங்காமல் அதை மியூட்டில் போட்டிருந்தான்.

முதலில் பீரோவை இழுத்துப் பால்கனிக் கதவை மறைத்துப் பார்த்தார். பொருத்தமாகத்தான் இருந்தது. ஸ்மிதா உள்ளே லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்ததை மட்டும் மறந்துவிட்டார்.

"மாமா! கதவைத் திறங்கோ! நான் உள்ள இருக்கேன்!"

அவள் கதவை இடித்த சத்தம் புணேயில் இருந்த மேனேஜர்வரை கேட்டது. பதற்றத்தில் பீரோவைத் திருப்பி இழுத்தபோது அதன் கால் ஒன்று ஒடிந்தது.

"அப்பா, என் பொண்டாட்டி என்ன ஒளிச்சு வைக்கற சாமானா?" என்றான் நகுல்.

"வரி வந்தா நீ கட்டுவியா?"

"கட்டறேன்ப்பா. விடு."

"இன்னிக்குக் கட்டுவே. நாளைக்கு? வரிங்கறது விருந்தாளி மாதிரி இல்லைடா. வந்தா போகாது."

மறுநாளே குர்லாவிலிருந்து கொத்தனார் வந்தான். ஜன்னல், கிரில், செங்கல் எல்லாம் மத்தியானத்துக்குள் கீழே வந்தன. இடிந்ததைக் கம்பவுண்டில் கொட்டியதற்கு ஜெயராம் கையெழுத்தோடு அபராத நோட்டீஸ் மேலே வந்தது. பிறகு மழை வந்தது. ஜூன் மாதத்து பம்பாய் மழை. திறந்த பால்கனியைப் பார்த்தால் விடுமா? கட்டில், மெத்தை, ஸ்மிதாவின் பட்டுப்புடவைகள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் நின்றது.

ஸ்மிதா ஈரப்புடவைகளைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"கல்யாண்ல அம்மா வீட்டுக்கு. அங்கெல்லாம் மழை வெளியிலதான் பெய்யறது, மாமா."

நகுலும் செருப்பை மாட்டிக்கொண்டான். "அங்கேயே வாடகைக்கு ஒண்ணு பாத்துக்கறோம்ப்பா. நீங்க ரெண்டு பேரும் டாக்ஸ் இல்லாம சௌக்கியமா இருங்கோ."

லிஃப்ட் கதவு சாத்திக்கொண்ட பிறகும் நாகலக்ஷ்மி வாசலிலேயே நின்றாள். அதற்கப்புறம் சங்கரனுக்குக் காப்பி வந்தது, பேச்சு வரவில்லை.

மேல்மாடியில் ஜெயராம் மனைவி வந்தனா, பூந்தொட்டி வைக்கும் திட்டைக்கூட ஆள் வைத்துக் கண்ணாடி போட்டு அடைத்துக்கொண்டிருந்தாள். சங்கரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வரியைத் தாம்பாளம் வெச்சு அழைக்கறா. அசடு!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கேட்க வேறு யார் இருந்தார்கள்?

மறுநாள் காலையில் டேப்காரன் வந்தான். பெயர் அஸாருதீன். பிறந்து வளர்ந்தது தாராவி. பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு நகரவில்லை.

"அளந்துரலாமா சார்?"

"பேஷா. முதல்ல காப்பி சாப்பிடு தம்பி. அந்தத் தூணை அளக்காதே, அது கட்டடத்தோட சொத்து. கதவு மூலையில யாரும் நடமாடறதில்லை, அதையும் கழிச்சுடு."

"கழிக்கவா?" அஸாருதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஒங்களுக்குச் சம்மதம்னா எனக்கென்ன சார்."

"அலமாரிக்கு அடியில?"

"அதையும் கழிக்கணுமா?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கோல்லியோ!"

"அந்தப் பக்கம் என்ன சார், ரூமா? செவரு இடிச்ச மாதிரி கெடக்கு."

"சேச்சே! வெறும் பால்கனி. மழை வரும், புறா வரும். மனுஷா புழங்கறதில்லை."

"புழங்கினவா போயாச்சு," என்றது அடுக்களையிலிருந்து ஒரு குரல். நேற்றிலிருந்து அந்த அடுக்களை பேசிய முதல் வார்த்தை.

நானூற்று அறுபத்திரண்டு. அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, மேலே கீழே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், சங்கரன் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். நகுலுக்கு போன் செய்தார். எடுக்கவில்லை. வெற்றியை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. அஸாருதீன் தோளிலேயே தட்டினார்.

"ஆக, இனிமே எனக்குச் சல்லிக்காசு வரி கிடையாது. என்ன தம்பி?"

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த அஸாருதீன் நிமிர்ந்தான்.

"வரியா? நான் பில்டர் ஆளு சார்! பழைய வீடு எவ்ளோ பெருசோ, அதுல கால்வாசி கூட்டித்தான், இதை இடிச்சுட்டு கட்டப்போற புது பில்டிங்ல வீடு தருவாங்கன்னு எல்லாரும் ரூம் ரூமா கட்டிக் காட்டுதாங்க, நீங்க இருந்த ரூமையும்லா இடிச்சுப் போட்டிருக்கிய!"