காவலுக்குக் காவல்

"தம்பி, இது என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் பாருங்க."

பெண் கேட்டு வந்தவன் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் பெண்ணின் அப்பா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்திவிட்டார். திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பெட்டி. 'எச்சரிக்கை. நீங்கள் பெரும் ஆபத்தில் இருக்கிறீர்கள்.'

அது தனக்கென்றே எழுதியதுபோல அவனுக்குப் பட்டது.

படாமல் என்ன செய்யும்? "அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கார்ப்பா" என்று சொல்லித்தான் அந்தப் பெண் இந்தச் சந்திப்பையே ஏற்பாடு செய்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் இருப்பது கம்ப்யூட்டர் கம்பெனியில்தான். அங்கே ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன்களுக்கு அவன் சூப்பர்வைசர். டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடுவான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே காரியம் அதை அணைப்பது, அதுவும் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி.

"அப்பா எது சொன்னாலும் தலையாட்டு. மத்ததெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அப்பா ஓய்வுபெற்ற எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டியவர். எடைக்கல்லின் அடியில் ஓட்டை போட்டவன், தராசுத் தட்டின் கீழே காந்தம் ஒட்டியவன் என்று பார்க்காத தில்லுமுல்லு இல்லை. அதில் அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. வீட்டில் காபி கொடுத்தால்கூடத் தம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மட்டம் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டரை மட்டும் சும்மா விட்டுவைப்பாரா?

"வைரஸ் வராம ஒரு காவல் வாசல்ல நிக்குது" என்று திரையின் ஓரத்தில் வரிசையாக இருந்த சின்னச் சின்னப் படங்களைக் காட்டினார். "ரெண்டாவது, முதல் ஆள் தூங்கறானான்னு பாக்கும். மூணாவது குப்பை அள்ளும். நாலாவது, குப்பையோட சேர்த்து வேற எதையாவது அள்ளிட்டுப் போயிடறானான்னு பாக்கும்."

"அப்புறம் இது சார்?"

"அது என்னன்னு எனக்கும் தெரியல. ஆனா இலவசமா கொடுத்தான்."

சூப்பர்வைசருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருநாள் வேன் ஷெட்டுக்கு வந்தபோது, "மெஷினோட வர்ற காவலே போதும்யா. அதை அப்பப்பப் புதுப்பிச்சுக்கிட்டாச் சரி. கண்டதையும் வெளியிலேர்ந்து கொண்டுவந்து போட்டீங்கன்னா அதுவே வினை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சமையலறை வாசலில் நின்றிருந்த பெண் கண்ணை உருட்டினாள். மென்று விழுங்கினான்.

"ரொம்ப நல்ல ஏற்பாடு சார்."

"அப்படியிருந்தும் ஆமை மாதிரி நகருதே, அது ஏன்?"

"இன்னும் ஒரு ஆள் தேவையோ என்னவோ."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரே சொல்றார்."

"நான் எங்க வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "போடச் சொல்லுங்க."

இவ்வளவு காவலும் எதற்காக என்பதையும் இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார், தன் வேலைக்காலத்தின் வரலாறு. பல வருட உழைப்பு. இதுவரை பிடித்த தராசு ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம். ஒரே ஒரு மளிகைக்கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்ததற்கு மட்டும் ஐந்து அத்தியாயம்.

"தினமும் சாயங்காலம் ஒரு அத்தியாயம் படிப்பேன். இவங்க ரெண்டு பேரும் அப்படியே ஆடாம அசையாம உக்காந்து கேப்பாங்க. சில இடத்துல இவ கண்ணுல தண்ணியே வந்துடும்."

"வந்துடும்" என்றாள் அம்மா.

"உங்களுக்கும் இன்னிக்கு ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டணும்னு இருக்கேன். இது திறந்தாத்தானே."

ஆக, அந்தப் புத்தகம் திறந்தால்தான் கல்யாணப் பேச்சு தொடங்கும். சூப்பர்வைசர் துணிந்து நாற்காலியில் உட்கார்ந்தான். வந்தது வரட்டும் என்று சிவப்புப் பெட்டியில் 'சரிசெய்' என்று இருந்ததை அழுத்தினான். அது கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு ஆயிரக்கணக்கில் கோளாறுகள் இருப்பதாகவும், தனக்குக் கண்டுபிடிக்கத்தான் தெரியும், சரிசெய்ய இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னது. அந்த இன்னொருவரும் கீழேயே தயாராக நின்றார். அதையும் அழுத்தினான்.

புதிய ஆள் உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாகப் பழைய காவலைப் பார்த்து, 'இவன் திருடன், வெளியேற்றவா?' என்று கேட்டார். பழைய காவல் சும்மா இருக்குமா? அது ஒரு மஞ்சள் பெட்டியைத் திறந்து, 'சற்றுமுன் ஒரு திருடன் நுழைந்துள்ளான், பிடிக்கவா?' என்றது.

"யாரை நம்பறது சார்?"

"யாரையும் நம்பக்கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு பேருக்கும் சரின்னு கொடுங்க. ஒருத்தன் மேல ஒருத்தன் கண்ணு வெச்சிருக்கட்டும்."

கொடுத்தான். கம்ப்யூட்டருக்குள் காற்றாடி மேடு ஏறும் வண்டிபோல உறுமத் தொடங்கியது. திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மவுஸை இழுத்தால், எங்கோ போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவதுபோல வெகு நேரம் கழித்துத்தான் நகர்ந்தது. சூப்பர்வைசருக்கு நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. ஆனால் அந்த உறுமல் அவனுக்குப் பழகிய உறுமல். பாரம் கூடிய வண்டி. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

"பாரத்தை இறக்கணும் சார்" என்றான். முதல்முறையாகக் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

குப்பை அள்ளுகிறவரைத் திறந்தான். அவர் கம்ப்யூட்டரின் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரே மாதிரியான பிரதிகள் ஏராளமாக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். 'ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கவா?'

இங்கே இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். அந்தப் பிரதிகளை அங்கங்கே பதுக்கி வைத்தவரே அவர்தான். ஒரு இடத்தில் இருந்து போனால் இன்னொரு இடத்தில் இருக்கட்டும் என்று கிடைத்த மூலையில் எல்லாம் புத்தகத்தை நகல் எடுத்து வைத்திருந்தார். ஆனால் அவர் அப்போது மூக்குக் கண்ணாடியைத் தேடி உள்ளே போயிருந்தார்.

"என்ன கேக்குது தம்பி?" என்று அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"ஒரே மாதிரி நிறைய இருக்காம். எடுத்துடவான்னு கேக்குது."

"கேக்குதுல்ல, எடுத்துடச் சொல்லுங்க. பாவம், அதுவும் எவ்வளவுதான் சுமக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. அழுத்தினான். மிஞ்சிய அந்த ஒரே பிரதி தனியாக நிற்பதைப் பழைய காவல் பார்த்தது. யாரோ தொட்டுப் புரட்டிய சரக்கு என்று சந்தேகப்பட்டு, அதைப் பிடித்து லாக்கப்பில் போட்டது. புதிய காவல் அந்த லாக்கப்பையே பார்த்தது. 'திருடனின் கிடங்கு ஒன்று சிக்கியுள்ளது. முழுவதும் காலி செய்யவா?'

சூப்பர்வைசரின் விரல் தயங்கியது.

"திருடனோட கிடங்குன்னு அதுவே சொல்லுதே" என்றாள் பெண், அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அழுத்தினான்.

'இனி யாராலும் மீட்க முடியாதபடி அழிக்கப்பட்டது. வாழ்த்துகள்.'

கம்ப்யூட்டர் தானே அணைந்து தானே எழுந்தது. உறுமல் நின்றிருந்தது. தொட்டதும் அம்புக்குறி பறந்தது. மூக்குக் கண்ணாடியோடு வந்த இன்ஸ்பெக்டர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"தம்பி, பறக்குதே. வாங்கின அன்னிக்குக்கூட இப்படி இல்ல." அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பொண்ணு சொன்னப்ப நான் நம்பல. கெட்டிக்காரர்தான். நகருங்க, அந்த மளிகைக்கடைக்காரன் அத்தியாயத்தை எடுக்கறேன்."

எடுக்கப் போனார். கம்ப்யூட்டருக்குள் ஓர் அறையைத் திறந்தார். இன்னோர் அறையைத் திறந்தார். பதுக்கிய மூலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தன. இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்கச் சூப்பர்வைசருக்குத் தாங்கவில்லை. ஒரு மனுஷரின் இத்தனை வருட உழைப்பு, தன் ஒரு விரலில் போய்விட்டதே.

"சார், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்றான். "நான் வேன் சூப்பர்வைசர். வெளியிலேர்ந்து போடற காவல் எதுவுமே தேவையில்லன்னு எங்க ஆபீஸ்காரர் சொன்னது எனக்கு முதல்லயே ஞாபகம் வந்துச்சு. நீங்க கோவிச்சுப்பீங்களோன்னு வாயைத் திறக்கல. எல்லாம் என் தப்புதான்."

குட்டு உடைந்துவிட்டது. திட்டுவார், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தான். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"காவல் போட்டது நான். உங்களை என்ன சொல்றது." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கல்யாண விஷயம் பேச எனக்கு இப்பத் தெம்பு இல்ல தம்பி. இவ என்ன சொல்றாளோ, அதுதான் என் முடிவும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சூப்பர்வைசருக்குத் தலை சுற்றியது. கடைசியில் முடிவு யார் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது? தினமும் அந்தப் புத்தகத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்ட அம்மாவின் கையில். பெண்ணைப் பார்த்தான். அவள் சுவரோரமாக முகத்தைத் திருப்பி, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அவளும் அழுகிறாள். இனி இங்கே நிற்பதில் அர்த்தம் இல்லை என்று வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க" என்றாள் அம்மா. காபித் தம்ளரை அவன் கையில் வைத்தாள். சாத்தியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் இவளைக் கேட்டு ஒரு பையன் வந்தான் மாப்பிள்ளை. இதெல்லாம் எதுக்குன்னு அத்தனை காவலையும் தூக்கிப் போட்டுட்டு, காபி ஆறுறதுக்குள்ள கம்ப்யூட்டரைச் சரி பண்ணி, 'இனி உங்க புத்தகத்துக்கு ஒரு ஆபத்தும் இல்ல'ன்னு சொன்னான். அன்னிக்கே நானும் இவளும் அவன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்."