மேனேஜர் படத்துல என் கட்டைவிரல்

மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அத்தைக்கு உங்க தம்பி மகன் எழுதுறது. நீங்களும் மாமாவும் சௌக்கியமா இருப்பீங்க. இங்க நாங்க மூணு பேரும் சௌக்கியம். மூணாவது ஆள் நம்ம நாய், மேனேஜர். போன்ல சொன்னா நீங்க ஸ்பீக்கர்ல போடுவீங்க, மாமா கேட்டுட்டு நேரா அப்பாகிட்ட உளறிடுவாரு. அதான் லெட்டர்.

நீங்க எனக்காக ஒரு பொய் சொல்லணும். வெள்ளிக்கிழமை அப்பா பஸ் டிப்போ வேலையிலருந்து ரிட்டையர் ஆகுறாரு. அன்னைக்கு நீங்க அனுப்பினதா ஒரு பார்சல் வரும். உள்ள நம்ம மேனேஜரோட படம், கையால வரைஞ்சது. ஏற்பாடு பண்ணது நான். ஆனா என் பேர் இருந்தா அவர் பிரிக்கவே மாட்டாரு, அக்கா கொடுத்தா வேணாம்னு சொல்ல அவருக்கு தைரியம் கிடையாது. நான் காலேஜை விட்டு எட்டு மாசம், எட்டு மாசமா எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசல. எல்லாம் நாய் வழியாத்தான். “மேனேஜர், சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு.” “மேனேஜர், குழாய் சொட்டுது, மூடச் சொல்லு. காலேஜை விட்டவருக்கு நேரம் நிறைய இருக்குமே.” அது திரும்பி என்னைப் பாக்கும். நானும் அதுகிட்டயே பதில் சொல்லிடுவேன்.

படம் போட்டது யாருன்னு அப்பா துருவுவாரு, அதனால தெரிஞ்சுக்கோங்க. சாவி வெட்டுற கடைக்கு மேல ஒரு சின்ன ரூம், அதுல ஒரு மேடம், காதுல பென்சில், மூக்குல கரி. போட்டோவை நீட்டினேன், வாங்கக்கூட இல்ல. “ஆளைக் கூட்டிட்டு வா”ன்னாங்க. நாய்ங்க மேடம்னேன். “தெரியும். ஆளைக் கூட்டிட்டு வா.” கூட்டிட்டுப் போனா முதல் நாள் ஒரு கோடு போடல அத்தை, தரையில அதுகூட உக்காந்துட்டு என்னைக் கேள்வி கேட்டாங்க. எந்தப் பக்கமா படுக்கும், எந்தச் சத்தத்துக்கு எழுந்திரிக்கும். பாதிக்கு எனக்குப் பதில் தெரியல. “ஒரே வீட்டுல இருந்துட்டு என்னத்தப்பா பாத்த?”ன்னாங்க. மூணு செமஸ்டர்ல ஒரு வாத்தியார்கூட என்னை இப்படி வெக்கப்பட வெச்சதில்ல.

ரெண்டாவது நாள் மேனேஜர் உக்காரவே இல்ல, ஆபீஸைச் சோதிக்க வந்த மாதிரி மூலை மூலையா மோந்துட்டுத் திரிஞ்சுது. மூணாவது நாள் என் சட்டை எதுவும் காயல, கொடியில கிடந்த அப்பாவோட நீல யூனிஃபார்மை மாட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான், அந்தச் சட்டைக் கையில தலையைச் சாய்ச்சு ஒரு மணி நேரம் சிலை மாதிரி உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம் தினமும் அதே சட்டை. இங்க வீட்டுல மூணு வாரமா, “மேனேஜர், என் நீலச் சட்டையைப் பாத்தியா?” அதுக்குத் தெரியும், சொல்லல.

மேனேஜரோட கிழிஞ்ச காதை மட்டும் சரிபண்ணிப் போடுங்க மேடம்னேன். பென்சிலைக் கீழ வெச்சுட்டு, “அப்போ வேற நாயைக் கூட்டிட்டு வா”ன்னாங்க. மூக்குத் துவாரத்துக்கு மட்டும் ஒரு முழு காலை. எதையும் பத்து நிமிஷத்துக்கு மேல பொறுக்காதவன் நான், பக்கத்துல அசையாம உக்காந்து பாத்தேன். வெறும் பென்சில், ஒரு ரப்பர், விரல் நுனி. அப்பா செருப்பு மாட்டும்போது ஒரு பார்வை பாக்குமே, என்னையும் கூட்டிட்டுப் போவியான்னு, அது அப்படியே கண்ணுல இருக்கு. எப்படி வந்துச்சுன்னு சத்தியமா தெரியல. பாத்துட்டேதான் இருந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். நாய் சாஞ்சிருந்த சட்டைக் கையும் படத்துல வந்திடுச்சு, கூடவே என் கையும். ஆறு வயசுல அப்பா வண்டிக் கதவைச் சாத்தும்போது மாட்டி நகம் ரெண்டா பிளந்து வளர்ந்துச்சே, அந்தக் கட்டைவிரல் உள்பட. அழிச்சிடுங்கன்னு கெஞ்சினேன். “இந்தக் கை இல்லன்னா அது உக்காந்தே இருக்காது. நான் பாத்ததைத்தான் போடுவேன்”னுட்டாங்க. அதனால கை யாருதுன்னு அப்பா கேட்டா, வரைஞ்ச இடத்துல யாரோன்னு சொல்லிடுங்க. நகத்தைக் கேட்டா பென்சில் வழுக்கிடுச்சுன்னு அடிச்சு விடுங்க. நீங்க அதட்டிச் சொன்னா அவர் நம்புவாரு.

மாமாவோட முட்டிவலி குறையட்டும், உங்க குரல் மட்டும் குறையவே வேண்டாம். ரெண்டு பேருக்கும் இங்கிருந்தே விழுந்து ஒரு கும்பிடு.

உங்க உருப்படாத மருமகன்.

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள எல்லாம் போச்சு. படத்தை அந்த நீலச் சட்டையிலயே சுத்திக் கட்டிலுக்கடியில வெச்சிருந்தேன். மேனேஜர் மோப்பம் பிடிச்சு, ஹாலுக்கு இழுத்துட்டுப் போய் அப்பா காலடியில போட்டுடுச்சு. அவர் முதல்ல சட்டையைப் பாத்தாரு. அப்புறம் படத்தை. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு கட்டைவிரல்கிட்ட குனிஞ்சவர் நிமிரவே இல்ல. “அத்தை அனுப்பினது”ன்னேன், நாய்கிட்டத்தான். அவர் நாய்ப் பக்கம் திரும்பல. என்னைப் பாத்து, “மழை நாள்ல இன்னும் வலிக்குதா?”ன்னாரு.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அத்தை. படத்தை மாட்ட ஆணி அடிக்கணும், ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு அவர் கூப்பிடுறாரு. மேனேஜருக்குத்தான் வேலை போயிடுச்சு.