களர் மூலையைப் பச்சையாக்கிய பாவம்

உத்திரமேரூர்,
ஆவணி 12

தாமலில் வாழும் அன்புத் தங்கை ஆண்டாளுக்கு அக்கா செல்லம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே மாடு கன்று வரைக்கும் சுகம், நான் ஒருத்திதான் சுகமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேத்தி கீதாவுக்கு பாங்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பேரன் தினகரன் பாலிடெக்னிக்கில் எல்லாப் பேப்பரும் பாஸ். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் சின்னவள் நிஷா, நம் மேட்டுக் கொல்லையில் புல்கூட முளைக்காமல் வெள்ளை பூத்துக் கிடக்குமே களர் மூலை, அந்த மண்ணில் உலகத்தில் யாரும் பார்க்காத கிருமியைக் கண்டுபிடித்துவிட்டாள். மற்றக் கிருமிகளோடு ஒத்துப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுதான் ஒத்துப்போனதாம். "மீதி மூணை எங்கடி கோட்டை விட்ட?" என்றேன். "அந்த மூணுதான் ஆயா என் படிப்பே" என்றாள்.

பெயர் வைக்குமுன் உயிருள்ள கிருமியை இரண்டு தேசத்துக் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டுமாம். காலேஜில் வளர்த்ததெல்லாம் செத்துப்போச்சு. அடுத்த மாசம் பேராசிரியர் சுலோச்சனா அம்மாவோடு வந்து அதே இடத்தில் மண் எடுப்பதாகப் போன் பண்ணினாள். அங்கேதான் ஆண்டாளு, என் புத்தி கெட்டது. படித்த அம்மா வருகிறாள், களரைப் பார்த்தால் நம்மை வெள்ளாமை தெரியாத குடும்பம் என்று நினைக்க மாட்டாளா? மகன் வேதகிரியை விரட்டி, களரை முறிக்க ஜிப்சம் கொட்டி, தண்ணீர் கட்டி, உழுது, தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டும் விதைத்தாயிற்று. பச்சைப்பசேலென்று வந்துவிட்டது. பெருமையாக நிஷாவிடம் சொன்னேன். "இன்னா ஆயா பண்ணி வெச்சிகீற! அது களர்லதான் பொயைக்கும். நாலு வருச படிப்பு ஆயா!" என்று ஓவென்று அழுதாள். "ஊர்ல களர் போனா பொங்கல் வெப்பாங்க, நம்ம வூட்ல ஒப்பாரி வெக்கிறாங்க" என்கிறான் வேதகிரி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் ஏரிக்கரைக் களர்மண்ணில் இரண்டு மூட்டை பஸ்ஸில் ஏற்றிவிடு. மேலாகத் தூவிவிடுகிறேன். யாருக்கும் மூச்சு விடாதே.

உன் பிள்ளைகுட்டிகள் கடைமடைக்கும் தண்ணீர் பாய்ந்த கழனி போல இருக்கட்டும்.

அக்கா,
செல்லம்மாள்

பின்குறிப்பு: மண் அனுப்பாதே. நான் தபாலில் போடுவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. தாமல் மண் யோசனையைச் சொன்னதும் சுலோச்சனா அம்மா, "இந்த எடத்துல எடுத்ததுன்னு எழுதிக் குடுக்கணும்மா, பொய் சொன்னா பட்டமே போயிடும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு முழ ஆழம் தோண்டி எடுத்துப் போனார்கள். ஜிப்சம் அவ்வளவு கீழே இறங்கவில்லையாம். நேற்று நிஷா போன் பண்ணினாள். கிருமி சௌக்கியம். இனி அந்த மூலையை யாரும் திருத்தக் கூடாதாம். வேதகிரி தக்கைப்பூண்டைப் பிடுங்கிக்கொண்டே என்னைத் திட்டுகிறான். கிருமியின் போட்டோவைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன், குச்சி குச்சியாக லட்சணமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆணி காலி. உன் பேத்தி பூஜாவின் புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பு.